மனம் திறந்தவர்களின் ஏடு யார் கையில்?

2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் பின்லாந்து தேசத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே தினுசான மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. எழுதியவன் தன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கடிதம் பெற்றவருடைய பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. சர்க்கார் கொடுத்த அடையாள எண் தெரிந்திருந்தது. மனநல ஆலோசகரின் எதிரே உட்கார்ந்து அவர் என்னென்ன சொன்னார் என்பதும் தெரிந்திருந்தது. 24 மணி நேரத்துக்குள் 200 யூரோ கட்டவேண்டும், தவறினால் தொகை 500 யூரோவாக ஏறும், அதையும் கட்டாவிட்டால் அத்தனையும் அம்பலத்துக்கு வரும் என்பதே கடிதத்தின் சாரம்.

கடிதம் பெற்றவர்கள் யார்? கோடீசுவரர்களா? மந்திரிகளா? இல்லை. குடும்பத்தில் நிம்மதி இழந்தவர்கள், குடியை விட முயன்றவர்கள், வேலை போய் ஒடிந்தவர்கள், சிறு வயதில் நேர்ந்த கொடுமையைப் பல ஆண்டு கழித்து முதல் தடவையாக ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னவர்கள். அவர்களிலே பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோது ஆலோசனைக்கு வந்தவர்களும் உண்டு. மனைவிக்குச் சொல்லாததை, பெற்ற தாய்க்குச் சொல்லாததை, நாலு சுவருக்குள்ளே நம்பிச் சொன்னார்கள். அந்தச் சுவர்தான் இடிந்தது.

அவர்கள் நம்பிப்போன இடத்தின் பெயர் வஸ்தாமோ. 2008-ல் தொடங்கப்பட்ட தனியார் மனநல ஆலோசனைக் கம்பெனி. தேசமெங்கும் சுமார் 25 நிலையங்கள். சர்க்கார் மருத்துவ இலாகா தானே செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதியையும் இந்தக் கம்பெனிதான் துணை ஒப்பந்தமாக எடுத்துச் செய்துவந்தது. களவு போன ஏடுகளுக்கு உரியவர்கள் ஏறக்குறைய 33,000 பேர்.

களவு எப்படி நடந்தது என்று கேட்டால், திருடனின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து பேச ஒன்றுமே இல்லை என்பது தெரியவரும். நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய கம்ப்யூட்டர், 2017 நவம்பர் முதல் 2019 மார்ச் வரை, தடுப்புச் சுவர் எதுவுமின்றி இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அத்தனை விவரங்களையும் ஆளுகிற தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது. உள்ளே இருந்த குறிப்புகள் சங்கேதமாக மாற்றப்படவில்லை. பெயர் ஓரிடம், பேச்சு வேறிடம் என்று பிரித்தும் வைக்கப்படவில்லை. வீட்டைப் பூட்டாமல், பீரோவையும் பூட்டாமல், நகைப்பெட்டியின் மேல் உரியவரின் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைத்தது போன்ற ஏற்பாடு.

2020 செப்டம்பர் கடைசியில் திருடன் முதலில் கம்பெனியிடம்தான் பேரம் பேசினான். 40 பிட்காயின் கேட்டான். அன்றைய மதிப்பில் சுமார் நாலரை லட்சம் யூரோ. கம்பெனி கொடுக்கவில்லை. போலீசுக்குப் போயிற்று. கொள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்ட மறுத்ததை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் அதன் பிறகு நாளுக்கு நூறு பேர் வீதம் மனிதர்களின் அந்தரங்கம் இணையத்தின் இருட்டுச் சந்தில் கொட்டப்பட்டது. பிற்பாடுதான் அந்த 200 யூரோ கடிதங்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். பின்லாந்தின் சரித்திரத்தில் இத்தனை பேர் பாதிக்கப்பட்ட கிரிமினல் வழக்கு வேறு இல்லை.

கதையின் முடிவையும் சொல்லிவிடுவோம். 2021 பிப்ரவரியில் கம்பெனி திவாலாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு விவரப் பாதுகாப்பு அதிகாரம் 6,08,000 யூரோ அபராதம் விதித்தது; திவாலான கம்பெனியின் மீது! மிரட்டியவன் என்று பிடிபட்ட வாலிபனுக்கு 2024 ஏப்ரல் 30-ந் தேதி மாவட்டக் கோர்ட்டு 6 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. வழக்கு அப்பீலுக்குப் போயிற்று. களவு போன ஏட்டை மட்டும் எந்தக் கோர்ட்டாலும் திரும்ப வாங்கிக் கொடுக்க முடியாது. ரொக்கம் திருடு போனால் மறுபடி சம்பாதிக்கலாம். கடவுச்சொல் திருடு போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். பதினான்கு வயதில் நமக்கு என்ன நடந்தது என்பதை மாற்றி வைத்துக்கொள்ள முடியுமா?

இந்த விவகாரத்தில் பத்திரிகைகள் அதிகம் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. கம்ப்யூட்டருக்குள் அன்னியன் நுழைந்தது 2018 கடைசியிலும் 2019 மார்ச்சிலும். அதற்குச் சில மாதங்களுக்குள்ளேயே, 2019-ல், ஒரு முதலீட்டு நிறுவனம் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை விலைக்கு வாங்கியது. வாங்கியவர்களுக்குக் கணக்குப் புத்தகம் காட்டப்பட்டது. நிலையங்களின் எண்ணிக்கை காட்டப்பட்டது. லாபம் எத்தனை வேகத்தில் ஏறும் என்பதும் பேசப்பட்டிருக்கும். கடவுச்சொல் உண்டா என்று எந்த இடத்திலாவது யாராவது கேட்டார்களா? மனநல ஆலோசனை என்பது இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிற தொழில். அதைச் சங்கிலிக் கடைகளாக்கி, சந்தையில் விலை கூறும்போது, உண்மையில் கைமாறுவது நாற்காலியும் மேஜையும் அல்ல. வந்துபோனவர்களின் பட்டியல்தான் சரக்கு.

அது ஏதோ அஜாக்கிரதையால் நேர்ந்தது என்று சொல்லக்கூடும். அப்படியானால் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே நடந்ததில் திருடன் எவனும் இல்லை.

பெட்டர்ஹெல்ப் என்பது அமெரிக்காவில் இணையத்தின் வழியே மனநல ஆலோசனை தரும் பெரிய கம்பெனி. வருகிறவரிடம் முதலில் நீண்ட கேள்வித்தாள் ஒன்று நீட்டப்படும்: மனச்சோர்வு உண்டா, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா, இதற்கு முன் சிகிச்சை பெற்றதுண்டா? சொல்வதெல்லாம் ரகசியமாகவே இருக்கும் என்ற வாக்குறுதியும் கூடவே வரும். ஆனால் மின்னஞ்சல் விலாசங்களும், முன்பு சிகிச்சை பெற்றாரா என்பது போன்ற விவரமும் பேஸ்புக், ஸ்னாப்சாட், பின்டரெஸ்ட் முதலான விளம்பரக் கம்பெனிகளுக்குப் போயின என்று அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டிற்று. எதற்காக? இவர்களைப் போன்ற வேறு ஆட்களைத் தேடிப் பிடித்து விளம்பரம் காட்டுவதற்காக. எந்த விவரத்தை பேஸ்புக்குக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, அந்தக் கமிஷனின் புகார்ப்படி, கல்லூரியை விட்டு வந்து கொஞ்ச நாளே ஆன, விளம்பர வேலையில் முன்அனுபவமே இல்லாத ஒரு சிறு உத்தியோகஸ்தரிடம் விடப்பட்டிருந்தது. 2023-ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 78 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும்: அந்தப் பணம் ஆலோசனை பெற்றவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதற்காக வாங்கப்பட்டது. நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

லாபக்காரனுக்கு மட்டும்தான் இந்த ஏட்டின் மேல் ஆசை என்று எண்ணிவிடக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவனுக்கும் உண்டு. வியட்நாம் யுத்தத்தைப் பற்றி அமெரிக்க சர்க்கார் சொன்ன பொய்களை 1971-ல் வெளியே கொண்டுவந்தவர் டேனியல் எல்ஸ்பர்க். அவரை அவமானப்படுத்த வழி தேடிய நிக்சனின் ஆட்கள், அதே ஆண்டு செப்டம்பரில், கலிபோர்னியாவில் அவருக்கு மனநல சிகிச்சை அளித்த டாக்டரின் ஆபீசுக்குள் இரவில் புகுந்து பீரோவை உடைத்தார்கள். அரசியல் எதிரியை வீழ்த்த அவன் மனத்தின் காயத்தைத் தேடிப் போனார்கள்! சர்க்காரின் இத்தகைய அட்டூழியங்கள் வெளிப்பட்டதால்தான் 1973 மே மாதத்தில் எல்ஸ்பர்க் மீதான வழக்கே தள்ளுபடியாயிற்று. அன்றைக்குப் பீரோவை உடைக்க ஆள் அனுப்பவேண்டியிருந்தது. இன்றைக்கு உடைப்பதற்குப் பீரோ இல்லை.

சரி, பின்லாந்தும் அமெரிக்காவும் கிடக்கட்டும். நம் நாட்டில் என்ன நிலைமை?

மனநல ஆலோசனை நிலையம் என்ற பலகை இல்லாத பெரிய நகரம் இன்று தமிழ்நாட்டில் இல்லை. சென்னை அண்ணா நகரிலும் கோவை ஆர்.எஸ். புரத்திலும் மாடிப்படி ஏறினால் இரண்டு அறை வைத்து நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். செல்பேசிச் செயலி மூலம் ஆலோசனை விற்கிற கம்பெனிகள் இருக்கின்றன. கல்லூரிகளில் உண்டு, பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் உண்டு. மனக்கஷ்டம் என்றாலே பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்த காலம் மாறி, படித்த ஒருவரிடம் போய்ப் பேசலாம் என்ற தெளிவு வந்திருப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆகவேதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். நம்பி வருகிறவனின் ரகசியம் ஒரு தடவை சந்திக்கு வந்துவிட்டால், அவன் மட்டுமல்ல, அவன் தெருவிலிருக்கிற ஒருவரும் பிறகு அந்தப் படி ஏறமாட்டார்கள். மறுபடியும் வேப்பிலைதான்.

முதலில், ஆலோசகர் யார்? மனநல டாக்டருக்குப் பதிவு உண்டு. கிளினிகல் சைக்காலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டு. தவறு செய்தால் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. 'கவுன்சலர்' என்று பலகை மாட்டியிருப்பவர் விஷயம் அப்படியல்ல. 2021-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலோர் சட்டத்தின் அட்டவணையில் சில வகை ஆலோசகர்களைச் சேர்த்திருக்கிறார்கள்; ஆனால் மாடிப்படி ஏறிப்போகும் சாதாரண மனிதன், எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் இன்னும் வரவில்லை.

2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை உரிமை என்றே சொல்கிறது. நல்ல பிரிவு, வரவேற்கிறோம். ஆனால் அந்த உரிமை யாருக்கு? 'மனநோய் உள்ளவருக்கு' என்கிறது சட்டம். பரீட்சையில் தோற்று ஒடிந்துபோன பிள்ளை, புருஷனோடு மனத்தாங்கல் வந்த பெண், ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளி—இவர்கள் மனநோயாளிகளா? அல்ல. அப்படியானால் ஆலோசனை நிலையத்தில் அவர்கள் சொன்னதற்கு இந்தப் பிரிவு நேராகக் காவல் நிற்குமா? வக்கீல்கள் வாதம் செய்துகொண்டிருக்கலாம். நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆறுதல் ஆகாது.

கோர்ட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடும்படி வற்புறுத்தக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. டாக்டருக்கோ மனநல ஆலோசகருக்கோ அத்தகைய காப்பு இல்லை. விவாகரத்து வழக்கிலே ஆலோசகரைக் கூண்டில் ஏற்றிக் குறிப்பேட்டைக் கொண்டுவா என்றால் என்ன செய்வார்? பழைய சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம், காலனி ஆட்சியின் சின்னத்தை அழித்துவிட்டோம் என்று முரசு கொட்டியவர்கள், இந்த ஓட்டையை மட்டும் பத்திரமாகப் புதிய கட்டடத்துக்கு எடுத்துவந்திருக்கிறார்கள்.

இனி, மத்திய சர்க்கார் மிகவும் பெருமையடித்துக்கொள்கிற டிஜிட்டல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருவோம். அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டு 7-ந் தேதி லோக்சபையிலும் 9-ந் தேதி ராஜ்யசபையிலும், குரல் ஓட்டில் இந்தச் சட்டம் நிறைவேறியது. விதிகள் வந்தது 2025 நவம்பரில். அந்த அறிவிப்புப்படி கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர மேற்கொண்டு 18 மாதம் தவணை! ஆனால் இதே சட்டத்தின் 44-ஆம் பிரிவு தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியதே, அதற்கு மட்டும் தவணை கிடையாது, உடனடி அமல். எது அவசரம், எது ஆறப்போடத்தக்கது என்பதில் டெல்லிக்கு இருக்கும் தெளிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

சட்டத்தில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டோம். சம்மதம் வாங்குமுன் எதற்காக விவரம் கேட்கிறோம் என்று அறிவிப்புத் தரவேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். விவரம் களவு போனால் உரியவருக்குச் சொல்லியாகவேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். கேட்பதற்கு ஜோராக இருக்கிறது. அந்த அபராதம் எங்கே போகும்? இந்தியாவின் பொது நிதிக்கு. அந்தரங்கம் பறிபோனவனுக்கு? ஒரு காசும் இல்லை. பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்பதற்கு 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. புதிய சட்டம் அதையும் நீக்கிவிட வழி செய்திருக்கிறது. அமெரிக்கா முதலாளிகளின் சொர்க்கம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை; அந்தச் சொர்க்கத்திலேகூட 78 லட்சம் டாலர் ஆலோசனை பெற்றவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது.

அந்தப் பழைய சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள், மனநலம், மருத்துவ ஏடு, பாலியல் நாட்டம் முதலியவற்றை நுட்பமான விவரம் என்று தனியே பிரித்து வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அந்த வேறுபாடு கிடையாது. பால் கடைக்காரரிடம் கொடுத்த டெலிபோன் நம்பரும், ஆலோசகரிடம் சொன்ன தற்கொலை எண்ணமும் ஒரே தராசில்! மேலும், கையால் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறாதவரை இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. இரண்டு அறை நிலையங்களில் பாதிக் குறிப்புகள் நோட்டுப் புத்தகத்தில்தானே இருக்கின்றன?

17-ஆம் பிரிவைப் படிக்கும்போது இன்னொரு விநோதம். 'ஸ்டார்ட்-அப்' என்று பெயர் சூட்டிக்கொண்ட புதுக் கம்பெனிகள் உள்பட, தான் விரும்புகிறவர்களுக்கு, அறிவிப்புத் தரும் கடமையிலிருந்தும், வேலை முடிந்ததும் விவரத்தை அழிக்கும் கடமையிலிருந்தும் மத்திய சர்க்கார் விலக்கு அளிக்கலாம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கும் உரிமையும் அங்கே செல்லாது. செயலி மூலம் மனநல ஆலோசனை விற்கிறவர்களில் பெரும்பாலோர் தங்களை என்ன பெயரிட்டு அழைத்துக்கொள்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இத்தனைக்கும் காவலாக அமைக்கப்படுகிற போர்டின் அங்கத்தினர்களை நியமிப்பது யார்? மத்திய சர்க்காரேதான்.

எல்லாவற்றையும்விட நமக்குக் கவலை தருவது 7-ஆம் பிரிவு. சம்மதம் இல்லாமலே விவரங்களைப் பயன்படுத்தக்கூடிய சந்தர்ப்பங்களை அது வரிசைப்படுத்துகிறது. அதில் ஒன்று: வேலை சம்பந்தமான காரியங்களுக்காகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும். தொழிலாளி கேட்டுப் பெறுகிற சேவையும் சலுகையும் அதிலேயே அடங்கும் என்று சட்டம் வாய்விட்டே சொல்கிறது. கம்பெனி தன் ஊழியர்களுக்கு இலவசமாக ஏற்பாடு செய்து தரும் மனநல ஆலோசனை இந்த வாசகத்துக்குள் வராது என்று யாராவது உறுதி கூறுவார்களா?

நினைத்துப் பாருங்கள். இரவு ஷிப்டு, டார்கெட்டு, ஆட்குறைப்பு பயம். தூக்கம் போய்விட்டது. மனிதவள இலாகா ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறது: உங்கள் நலனுக்காக ஆலோசகர் இருக்கிறார், கட்டணம் கம்பெனி பொறுப்பு. ஊழியர் போகிறார், மேலதிகாரியின் கொடுமையையும், வேறு வேலை தேடுகிற எண்ணத்தையும் சொல்கிறார். ஆலோசகருக்குச் சம்பளப் பட்டியல் போடுவது யார்? எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பிரிவிலிருந்து வந்தார்கள், என்ன காரணத்தால் வந்தார்கள் என்று மாதாமாதம் அறிக்கை கேட்டால் அவர் தராமல் இருப்பாரா? பெயர் போடமாட்டோம் என்பார்கள். ஆறு பேர் வேலை செய்கிற ஒரு பிரிவில், 'ஒரு பெண் ஊழியர், பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர்' என்று எழுதினால் பெயர் எதற்கு? நல்ல மனச்சாட்சியுள்ள ஆலோசகர்கள் இதை எதிர்த்து நிற்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரு வர்க்கத்தின் பாதுகாப்பை இன்னொருவருடைய மனச்சாட்சியை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது.

சர்க்கார் நிலையங்கள் மட்டும் யோக்கியமா என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புற நோயாளிப் பிரிவில் நூறு பேர் நடுவே பெயரைக் கூவி அழைப்பதும், மேஜைமேல் ஏட்டை விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் நாம் கண்ட காட்சிகள்தாம். அதைச் சப்பைக்கட்டுக் கட்டவேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் இதே தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக நடத்தப்படும் 'நம்பிக்கை மைய'ங்களைப் பாருங்கள். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியறையில் பேசவேண்டும். ரத்த மாதிரி பெயரோடு அல்ல, எண்ணோடு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். 1998-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஒரு மனிதரின் எச்.ஐ.வி. நிலையை ஆஸ்பத்திரி வெளியே சொன்னது சரியே என்று தீர்ப்பளித்த தேசம் இது. அங்கிருந்து 2017-ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டத்தில் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று கட்டளை போடும் நிலைக்கு வந்திருக்கிறோம். அது தானாக வரவில்லை. நோயுற்றவர்களே சங்கம் சேர்ந்து போராடியதால் வந்தது. ஒரு நோய்க்குச் செய்ய முடிந்ததை மனத்துக்குச் செய்ய முடியாதா?

ரகசியத்துக்கு எல்லையே கூடாது என்று நாம் வாதாடவில்லை. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியாகவேண்டும் என்று 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் குடும்பத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். நாம் கேட்பது, அந்த எல்லை எது என்பதை முதல் நாளே, வாயைத் திறக்குமுன்பே, வந்தவருக்குப் புரிகிற தமிழில் சொல்லவேண்டும் என்பதை. எல்லாம் ரகசியம் என்று சொல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு இது மட்டும் விதிவிலக்கு என்பது மோசடி.

இரண்டு அறை வைத்து நடத்துகிறவர்களின் கஷ்டமும் நமக்குத் தெரியாமலில்லை. வாடகை கட்டவே திண்டாடுகிறவரிடம் போய், கம்ப்யூட்டர் நிபுணரை வைத்துக்கொள் என்று சொல்வது அநியாயம். ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆலோசனைக்கு ஆதார் எண் எதற்கு? ஜாதி எதற்கு? அப்பாவின் சம்பளம் எதற்கு? கேட்காத விவரம் களவு போகாது. பெயரும் விலாசமும் ஒரு நோட்டில், பேச்சின் குறிப்பு எண் மட்டும் போட்டு வேறொரு நோட்டில், இரண்டும் வேறு வேறு பூட்டில்—இதற்கு எத்தனை ரூபாய் ஆகும்? அமெரிக்கச் சட்டத்தில்கூட ஆலோசகர் தம் ஞாபகத்துக்காக எழுதித் தனியே வைத்த குறிப்புக்கு மற்ற மருத்துவ ஏட்டைவிடக் கூடுதல் காப்பு உண்டு. வாட்சப்பில் 'அடுத்த அமர்வில் உங்கள் கணவர் விஷயம் பேசுவோம்' என்று செய்தி அனுப்புகிற வழக்கத்தை நாளைக்கே நிறுத்தலாம். அந்தச் செல்பேசியை வீட்டில் முதலில் எடுத்துப் பார்ப்பவர் அந்தக் கணவராகவே இருக்கக்கூடும்.

எத்தனை காலம் வைத்திருப்பது என்பதும் ஒரு கேள்வி. உள்நோயாளியின் ஏட்டை டாக்டர் 3 வருஷம் காக்கவேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ ஒழுங்கு விதி சொல்கிறது. ஆலோசனை நிலையத்தில் எழுதிய குறிப்பை எப்போது கிழிப்பது என்று பலகை மாட்டியிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பலர் யோசித்தே இருக்கமாட்டார்கள். நிலையத்தை மூடினால், விற்றால், நடத்துகிறவர் காலமானால் அந்த அலமாரி யாருக்குப் போகும்? வஸ்தாமோவின் நிலையங்கள் கைமாறியபோது அலமாரியும் சேர்ந்துதான் கைமாறியது.

மாநில சர்க்கார் டெல்லியைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் அரசியல் சட்டப்படி மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்வதற்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் போடப்பட்டிருக்கிறது. ஆலோசனை நிலையங்களையும் ஒரு பதிவேட்டில் கொண்டுவந்து, குறிப்பேட்டை எப்படிக் காப்பது, எத்தனை வருஷத்தில் அழிப்பது, விற்கும்போது வந்தவர்களின் சம்மதத்தை எப்படி வாங்குவது என்று விதி எழுதச் சட்டசபைக்குத் தடை ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மத்திய சர்க்காரிடம் கேட்கவேண்டியவை வேறு: பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு, மனநல விவரத்துக்குத் தனிக் காப்பு, ஆலோசகருக்குக் கோர்ட்டில் வக்கீலுக்கு உள்ள அதே பாதுகாப்பு, 7-ஆம் பிரிவில் முதலாளிக்குத் திறந்துவிட்ட கதவைச் சாத்துவது.

கம்பெனிக்குள் இருக்கிற தோழர்கள் பார்லிமெண்டு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊழியர் சங்கங்கள் நிர்வாகத்தின் முன் வைக்கிற அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கும் பஞ்சப்படிக்கும் பக்கத்தில் இந்த ஒரு ஷரத்தையும் எழுதட்டும்: கம்பெனிச் செலவில் வரும் ஆலோசகர் நிர்வாகத்துக்கு எந்த அறிக்கையும், எண்ணிக்கைகூட, தரக்கூடாது, அவருடைய குறிப்பேடு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கக்கூடாது. நிர்வாகம் மறுத்தால், ஏன் மறுக்கிறது என்பதை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி, அதை எல்லாத் தொழிலாளர்களும் படிக்கும்படி வாயிற்கதவில் ஒட்டலாம்.